பிரிந்து வாழும் பெண்ணுக்குப் பம்பிள் செயலி சரிப்படுமா?

துணை தேடும் செயலியான பம்பிளில், பிடித்திருக்கிறது என்று இருவரும் ஒருவரையொருவர் வலப்பக்கம் தள்ளிப் பொருத்தம் அமைந்த உடனே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. 24 மணி நேரத்துக்குள் பெண் எதுவும் எழுதாவிட்டால் அந்தப் பொருத்தம் காலாவதியாகிவிடும். எழுதிவிட்டால், பதில் சொல்ல ஆணுக்கும் அதே 24 மணி நேரம்தான். ஆண்-பெண் பொருத்தத்தில் ஆண் முந்திக்கொண்டு பேச முடியாது என்பதுதான் 2014இல் இந்தச் செயலி வந்தபோது மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டிய விதி.

பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டு, ஜாதகம் பேசி, எல்லாம் முடிந்த பிறகு "பொண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்கிற வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். கடைசியாகக் கேட்கப்பட்டவர் முதலில் பேசுகிறார் என்பது சின்ன மாற்றமில்லை. மணவாழ்வு முறிந்து, சொந்தக்காரர்களின் பார்வைக்குக் கீழே ஒன்றிரண்டு ஆண்டுகளைக் கழித்த பெண்ணுக்கு, யாரோடு பேசுவது, எப்போது பேசுவது என்பதைத் தானே தீர்மானிப்பது மருந்துபோல வேலை செய்யும். ஆனால் முதல் செய்தியோடு முன்முயற்சி முடிந்துவிடுவதில்லை. சந்திப்புக்கு அழைப்பதும், நேரத்தைக் குறிப்பதும், வேண்டாம் என்று நிறுத்துவதும் அதில் அடக்கம். அங்கெல்லாம் செயலி உதவாது; நாமேதான் செய்தாக வேண்டும்.

கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் என்றால் எங்கள் மதிப்பெண் 5க்கு 4. பினாங்கில் 5க்கு 3. மணவிலக்கு மனுவே இன்னும் போடாதவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்போம். அதற்குக் காரணம் ஒழுக்கப் பாடமில்லை, சட்டம்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், அதாவது சட்டம் 164, பொருந்தும். இருவரும் ஒத்துக்கொண்டால் 52ஆம் பிரிவின்கீழ்க் கூட்டு மனு. ஒருவர் மட்டும் கேட்டால் 53ஆம் பிரிவு. பெரும்பாலும் அதற்கு முன்னால் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போயாக வேண்டும். நீதிமன்றம் முதலில் தருவது டிக்ரி நைசை என்ற இடைக்காலத் தீர்ப்பு. அது அப்சலூட், அதாவது இறுதித் தீர்ப்பு, ஆக வழக்கமாக மூன்று மாதம். அந்த நாள் வரும்வரை, தனி வீட்டில் ஐந்து வருடம் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மனைவிதான். இடையில் இன்னொருவரோடு உறவு என்று எதிர்த்தரப்பு காட்ட முடிந்தால், அந்த ஆடவரை 58ஆம் பிரிவின்கீழ் வழக்கில் இழுத்து நஷ்டஈடு கேட்கலாம். மணவிலக்குக்குப் பிறகும் ஒன்று கவனிக்க வேண்டும்: மறுமணம் செய்தாலோ, இன்னொருவரோடு கூடி வாழ்ந்தாலோ முன்னாள் கணவர் தரும் ஜீவனாம்சம் 82ஆம் பிரிவின்படி நின்றுபோகும். பிள்ளைகளுக்கான செலவுத்தொகை வேறு கணக்கு. இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"அவன் மேல கிரிமினல் கேஸ் போடுவேன்" என்று மிரட்டுகிற கணவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். திருமணமான பெண்ணை மயக்கி அழைத்துப் போவதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பரில் செல்லாது என்று அறிவித்துவிட்டது. அந்த மிரட்டலுக்கு இப்போது பல்லில்லை. நஷ்டஈட்டு வழி மட்டும் அப்படியே நிற்கிறது. பொது இடத்தில் ஒரு கோப்பி குடிப்பது எந்தப் பிரிவிலும் வராது. ஆனால் உரையாடலின் திரைப்பிடிப்புகள் அஃபிடவிட் என்ற சத்தியப்பிரமாண வாக்குமூலத்தோடு இணைந்து நீதிமன்றம் போகலாம். வழக்கு ஓடும்போது, வழக்கறிஞர் உரக்கப் படித்தால் கூசுகிற எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். பேச வேண்டுமானால் குரலில் பேசுங்கள். தமிழ் முஸ்லிம் பெண்களுக்குச் சட்டம் 164 பொருந்தாது. ஷரியா நீதிமன்றத்தின் தீர்ப்பு, அதன் பிறகு மறுமணத்துக்குக் காத்திருக்க வேண்டிய இத்தா காலம், கணவன் மனைவி அல்லாத ஆணும் பெண்ணும் தனியிடத்தில் நெருங்கி இருப்பதாகிய கல்வத் குற்றம் ஆகியவற்றை மனத்தில் வைத்தே எதையும் தொடங்க வேண்டும்.

இனிச் செயலிக்கு வருவோம்.

படங்களுக்கு ஆறு இடம் தருகிறார்கள். நான்கு போதும்: முகம் தெளிவாக ஒன்று, முழு உருவம் ஒன்று, ஏதாவது செய்துகொண்டிருப்பது ஒன்று, சேலையிலோ சுடிதாரிலோ விழாக்கோலத்தில் ஒன்று. எல்லாம் ஓராண்டுக்குள் எடுத்தவையாக இருக்கட்டும். அடிக்கடி நடக்கும் தவறு, கல்யாண வீட்டுப் படத்தைக் கத்தரித்துப் போடுவது. தோளில் யாரோ ஒருவரின் விரல்கள் மிச்சமிருக்கும். பிள்ளைகளின் படம் வேண்டவே வேண்டாம். வேலையிடத்து அட்டை, கார் எண், கொண்டோ பெயர்ப்பலகை, பள்ளிச் சீருடை ஆகியவை பின்னணியில் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயரை எங்கும் காட்டாதீர்கள். காட்டினால் முழுப்பெயரும் அண்ணன் தம்பி முகமும் ஒரே தட்டலில் கிடைத்துவிடும்.

அறிமுகக் குறிப்புக்கு 300 எழுத்துதான் இடம். தமிழில் எழுதினால் முப்பது சொல்லுக்குள் முடிப்பது நல்லது. மதம், பிள்ளைகள், எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டங்கள் உண்டு. பிரிந்தவரா, மணவிலக்கு ஆனவரா என்பதற்கு இல்லை. அதை நீங்களே எழுத வேண்டும், துல்லியமாக எழுத வேண்டும். "பிரிந்து வாழ்கிறேன், வழக்கு முடியும் தறுவாயில். ஒரு பிள்ளை. சனிக்கிழமை மாலை எனக்கே எனக்கு. மலை ஏறுவேன், மெதுவாகத்தான்." இவ்வளவு போதும். பிள்ளையின் பெயரும் வயதும் பள்ளியும் தேவையில்லை. மூன்றாவது சந்திப்பில் சொல்லலாம் என்று மறைத்து வைப்பதில் லாபமே இல்லை: விலகிப் போகிறவர் அப்போதும் விலகுவார், கூடவே "ஏமாத்திட்டீங்க" என்ற பேச்சும் வரும். முதலிலேயே எழுதிவிட்டால் அந்த ஆட்கள் தாங்களாகவே இடப்பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கு அது வேலை மிச்சம்.

தெரிந்தவர் கண்ணில் படும் பயம்தான் நம் பெண்களுக்குப் பெரிய தடை. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று எங்கே போனாலும் யாருக்காவது யாரையாவது தெரியும். பம்பிளில் இதற்கு மருந்து, மறைநிலை வசதி: நீங்கள் வலப்பக்கம் தள்ளியவருக்கு மட்டுமே உங்கள் பக்கம் தெரியும். உயர்ந்த கட்டணத் திட்டத்தில்தான் அது கிடைக்கும். பிரிந்து வாழும் பெண் இந்தச் செயலியில் காசு கொடுக்க வேண்டிய ஒரே விஷயம் இதுதான் என்பது எங்கள் கருத்து. உங்களை விரும்பியவர்களின் வரிசையைக் காட்டுவது, உங்கள் படத்தை முன்னால் தள்ளிவிடுவது எல்லாம் வீண்செலவு. பெண்களுக்கு ஆள் கிடைப்பது பிரச்சினையே இல்லை, வடிகட்டுவதுதான் பிரச்சினை. இதே வகைச் செயலியான டிண்டரில் கைப்பேசித் தொடர்புப் பட்டியலில் உள்ள எண்களைத் தடுக்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது. அந்த ஒன்றில் டிண்டர் மேல்.

கடிகாரத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் பலரும் தடுக்கி விழுவது அங்கேதான். தூக்கம் வராத இரவில் நாற்பது முகங்களைத் தள்ளிவிட்டுப் படுத்தால், காலையில் ஒன்பது கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்பது பேருக்கும் "ஹாய்" போவது அப்படித்தான். மறுநாள் இருபது நிமிடம் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தள்ளுங்கள். பிள்ளைகள் உங்களோடு இருக்கும் வார இறுதி என்றால் செயலியைத் திறக்காமல், உங்கள் பக்கத்தைத் தற்காலிகமாக மறைக்கும் ஸ்நூஸில் வையுங்கள். ஒரே சமயத்தில் மூன்று உரையாடலுக்கு மேல் வேண்டாம். நல்ல பொருத்தம் ஒன்று நழுவப் பார்த்தால் இன்னும் 24 மணி நேரம் நீட்டிக்கும் வசதியும் உண்டு.

"ஹாய்" ஏன் தோற்கிறது? பதில் சொல்ல அதில் எதுவுமில்லை. நம்மவர்களின் "சாப்டாச்சா?"வும் அப்படித்தான். தெரிந்தவர்களிடையே அது அன்பு; தெரியாதவரிடம் கேட்டால் "ஆச்சு" என்ற ஒற்றைச் சொல்லோடு கதவு மூடிக்கொள்ளும். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பது நேர்முகத் தேர்வு. பலன் தரும் முதல் செய்தியில் மூன்று இருக்கும்: அவருடைய பக்கத்திலிருந்து எடுத்த ஒரு பொருள், ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி, உங்களைப் பற்றி ஒரு துளி. "அது புரோகா மலைதானே? விடியுமுன்னே ஏறினீங்களா, வெயில்லயா? நான் பாதி வழியில உட்கார்ந்துட்ட ஆளு." இரண்டு மூன்று வரிதான், அவர் எப்படிப் பேசுகிறவர் என்பது அதற்கு வரும் பதிலிலேயே தெரிந்துவிடும். அனுப்பும் நேரம் இரவு 9 மணிக்கு மேல் நல்லது. வேலை முடிந்து நெரிசலில் ஊர்ந்து வீடு சேரவே 8 மணி ஆகிற நகரம் இது.

2024 ஏப்ரலில் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஓப்பனிங் மூவ்ஸ் என்ற பெயரில், பெண் ஒரு கேள்வியை முன்கூட்டியே வைத்துவிடலாம். பொருத்தம் அமைந்ததும் ஆண் அதற்குப் பதில் எழுதி உரையாடலைத் தொடங்குவார். வேலை குறைகிறது, உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே கேள்வி போகும்போது, தேர்ந்தெடுத்துப் பேசுகிற அந்தச் சுகமும் போய்விடுகிறது. புதிதாக வருகிறவர்கள் கூச்சம் போக முதல் இரண்டு வாரம் இதை வைத்துக்கொள்ளலாம், பிறகு எடுத்துவிடுங்கள். வைப்பதானால் ஆளைக் காட்டிக்கொடுக்கும் கேள்வியாக வையுங்கள். "ஞாயிற்றுக்கிழமை பசியாற எங்கே போவீங்க?" என்பது எங்களுக்குப் பிடித்த ஒன்று. "அம்மா வீட்டுல", "யார் கூப்பிடுறாங்களோ அங்கே", "நானே தோசை சுடுவேன்" என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால், மூன்று வாழ்க்கைகளைப் பார்த்த மாதிரி.

பெண் முதலில் பேசினாலே தப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பிரிந்தவர் என்று தெரிந்தால் இன்னும் கூடுதல். அடையாளம் கண்டுகொள்வது கடினமில்லை. முதல் நாளே "நீங்க" போய் "நீ" வரும், பிறகு "என்னம்மா" வரும். "தனியாத்தான் இருக்கீங்களா?" என்ற கேள்வி இரவு 11 மணிக்கு மேல் வரும். "ஏன் பிரிஞ்சீங்க?" என்று அக்கறையாக ஆரம்பித்து, படுக்கையறை வரை தோண்டும். விளக்கம் தர வேண்டியதில்லை. "நமக்கு ஒத்துவராது, வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டுப் பொருத்தத்தை நீக்குங்கள். அருவருப்பான படம் அனுப்பினால் செயலியே அதை மங்கலாக்கிக் காட்டும். திறக்காமல் புகார் செய்யலாம். நீக்கிய பிறகும் வேறு கணக்குகளில், வேலையிடத்தில், வீட்டுவாசலில் தொடர்ந்தால் அது 2023 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்கீழ்க் குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு.

நீங்களும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். "டிவோர்ஸ் ஓடிக்கிட்டு இருக்கு" என்று சொல்கிற ஆண் இன்னும் அதே வீட்டில், அதே மேசையில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும். எப்போதிலிருந்து தனியாக இருக்கிறீர்கள், மனு போட்டாயிற்றா, நைசையா அப்சலூட்டா: இந்த மூன்றையும் சந்திப்புக்கு முன்பே கேட்கலாம். உண்மையிலேயே அந்த வழியில் வந்தவர் தேதியோடு சொல்வார். நைசைக்கும் அப்சலூட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் நீதிமன்றப் பக்கம் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். முகச் சரிபார்ப்பு அடையாளம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அது படமும் ஆளும் ஒன்று என்று மட்டும்தான் சொல்கிறது.

ஒரு வாரம் எழுத்து, பிறகு செயலிக்குள்ளேயே பத்து நிமிடக் காணொளி அழைப்பு. எண்ணைக் கொடுக்காமலே பேச முடிவது பம்பிளின் நல்ல அம்சங்களில் ஒன்று. புலனத்துக்கு (வாட்ஸ்அப்) மாற அவசரப்படுத்துகிறவரிடம் "இங்கேயே பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் தெரிந்துவிட்டது. பணப் பேச்சு எந்த வடிவில் வந்தாலும், சுங்கத்துறையில் சிக்கிய பரிசுப்பொட்டலம், எண்ணெய்க் கிணற்றில் வேலை, கிரிப்டோ முதலீடு எதுவானாலும், அங்கேயே நிறுத்துங்கள். வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள்.

பத்து நாளுக்குள் சந்திப்புக்கு நீங்களே அழைப்பது நல்லது. மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே போனால், மனத்தில் ஓர் ஆளைக் கட்டி எழுப்பிவிடுவோம். நேரில் வருகிறவர் வேறு ஆளாக இருப்பார். அழைப்பில் நாள், இடம், முடியும் நேரம் மூன்றும் இருக்கட்டும்: "சனிக்கிழமை 4 மணிக்கு மிட் வேலில ஒரு கோப்பி குடிக்கலாமா? 5 மணிக்கு நான் கிளம்பணும்." முடியாது என்பவர் வேறு நாள் சொன்னால் ஆர்வம் இருக்கிறது. "பார்க்கலாம்" என்று இரண்டு முறை வந்தால் விட்டுவிடுங்கள், மூன்றாவது அழைப்பு வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, என்யூ சென்ட்ரல் போக்குவரத்துக்கு மிக வசதி, எல்ஆர்டியும் கேடிஎம்மும் காலடியில். ஆனால் எதிரே பிரிக்பீல்ட்ஸ். பூ வாங்க வந்த பெரியம்மா பார்த்துவிடுவார். மஸ்ஜித் இந்தியாவும் அப்படியே. மறைவு வேண்டும் என்பவர்களுக்கு மிட் வேலி, பங்சார் தெலாவி, தாமான் துன் பக்கம் தேவலை. மிட் வேலிக்குக் கேடிஎம் நிலையம் இருப்பதால் கிள்ளானிலிருந்து வருகிறவரும் சொந்தமாக வந்து போகலாம். சொந்தமாக வருவதும் போவதும் விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை. முதல் நாள் அவர் காரில் ஏறாதீர்கள். கிராப் பயணத்தைத் தங்கைக்கோ தோழிக்கோ பகிர்ந்துவிடுங்கள். உங்கள் பானத்துக்கு நீங்களே டச் அண்ட் கோவில் கட்டிவிடுங்கள். முதல் சந்திப்பில் ஆளுக்குப் பாதி என்பது, அடுத்த சந்திப்பு கடன் இல்லாமல் தொடங்க வழி. மேசையை விட்டு எழுந்து போய் வந்தால் பழைய கோப்பையைத் தொட வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.

முன்னாள் கணவரைப் பற்றிப் பேச்சு வரும். இரண்டு வாக்கியம் போதும். மூன்றாவது வாக்கியத்தில் குரல் ஏறினால், அல்லது அவர் தன் முன்னாள் மனைவியைப் பற்றி அரைமணி நேரம் பேசினால், இருவரில் ஒருவருக்கு இன்னும் காலம் ஆகவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில மாதம் ஸ்நூஸில் வைத்துவிட்டுத் திரும்பி வரலாம்.

பினாங்குக்கு ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், ஆட்கள் குறைவு. தூரத்தை 20 கிலோமீட்டரில் வைத்தால் இரண்டு வாரத்தில் பார்த்த முகங்களே திரும்ப வரும், பாதிப் பேர் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலைப் பேருந்தில் வருகிறவர்கள். 50, 60 கிலோமீட்டருக்கு நீட்டிச் சுங்கைப் பட்டாணியையும் கூலிமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்திக்க லிட்டில் இந்தியாவையும், மாலைநேரத்துப் பூமலைத் தோட்டத்தையும் தவிர்த்துக் குயின்ஸ்பேயோ கர்னி பிளாசாவோ பாருங்கள்.

மறுமணம்தான் நோக்கம், வீட்டாரும் சம்மதம் என்றால் பம்பிளைவிடத் தமிழ் மேட்ரிமோனி, ஷாதி போன்ற தளங்கள் நேர்வழி. அங்கே மணவிலக்கு ஆனவர், மணவிலக்குக்குக் காத்திருப்பவர் என்றே கட்டம் உண்டு. விளக்கம் சொல்லும் பாரம் இல்லை. ஆனால் கணக்கைத் தொடங்கியது அவரா, அவருடைய அக்காவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் உங்களோடு இனிமையாக எழுதிக்கொண்டிருப்பவர் அந்த அக்காவாக இருப்பார்.

மிரட்டலோ அடியோ இன்னும் பழைய வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தால் செயலியெல்லாம் பிறகு. கோலாலம்பூர்ப் பக்கம் பெண்கள் உதவி அமைப்பான டபிள்யூஏஓ 03-3000 8858, பினாங்கில் மகளிர் மாற்ற மையமான டபிள்யூசிசி 04-228 0342, எங்கிருந்தாலும் அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999.

கட்டணம் கட்டுவதானால் இருப்பதிலேயே குறுகிய காலத் திட்டத்தை எடுங்கள். கிடைக்கும் சலுகையைப் பொறுத்து விலை ஆளுக்கு ஆள் மாறும். பணம் கட்டிய அன்றே கூகுள் பிளேயிலோ ஆப் ஸ்டோரிலோ போய்த் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள், கட்டிய காலம் முடியும்வரை வசதி இருக்கும். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் கணக்கும் நீங்காது, கட்டணமும் நிற்காது. ஆள் கிடைத்துவிட்டாலும் சரி, அலுத்துவிட்டாலும் சரி, முதலில் சந்தாவை நிறுத்தி, பிறகு செயலிக்குள்ளேயே அமைப்புகளில் போய்க் கணக்கை அழித்து, கடைசியில்தான் செயலியை நீக்க வேண்டும்.